உங்களுக்குத் தெரியுமா? சூம்பிய சோளமணி சொன்ன சங்கதிகள்

வெள்ளவத்தைச் சந்தையில் சோளப் பொத்தி வாங்கும்போது உரியைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கிறோம். மணிகள் நிரம்பிப் பளபளப்பாக இருந்தால் கூடைக்குள் போகும். சூம்பியிருந்தால் திரும்பவும் குவியலுக்கே போய்விடும். ஆனால் மணிக்குள் மாப்பொருள் எப்படி உண்டாகிறது என்பதை உலகம் அறிந்துகொண்டது பெரும்பாலும் அந்தச் சூம்பிய மணிகளிடமிருந்துதான். பரம்பரையலகு ஒன்று பழுதான செடி, அதாவது விகாரச் செடி, தன் மணியிலேயே அந்தப் பழுதைக் காட்டிவிடும். எது இல்லாமற்போனது என்று தேடியவர்களுக்கு எது அவசியம் என்பது தெரியவந்தது. இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

மணிக்குள் என்ன இருக்கிறது?

உலர்ந்த சோளமணியின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் மாப்பொருள். புரதம் 10 சதவீதம் அளவில் இருக்கும். எண்ணெய் கொஞ்சந்தான், அதுவும் பெரும்பாலும் முளையத்தில். மாப்பொருள் இருப்பது முளையத்தைச் சூழ்ந்த வித்தகவிழையத்தில். முளைத்து வரும் செடிக்குப் பச்சை இலை வரும்வரை இதுவே சாப்பாடு. நமக்கும் ஆடு மாடு கோழிக்கும் அதே சாப்பாடுதான்.

பட்டுநூல் கணக்கு

பொத்தியின் நுனியில் தொங்கும் பட்டுநூல்களில் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சொந்தம். ஒரு நூலுக்கு மகரந்தம் கிடைக்காவிட்டால் அதன் அடியில் மணி பிடிக்காது. பொத்தியில் மணி வரிசைகள் எப்போதும் இரட்டை எண்ணிக்கையில்தான் வரும், ஏனென்றால் பூக்கள் சோடி சோடியாக உண்டாகின்றன. அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.

மேலிருந்து கீழே இறங்கும் கோடு

மகரந்தச் சேர்க்கை நடந்து ஏறக்குறைய 10 முதல் 12 நாட்களில் மாப்பொருள் சேரத் தொடங்குகிறது. முதலில் நிரம்புவது மணியின் தலைப்பகுதி, கடைசியில் நிரம்புவது காம்புப் பக்கம். முற்றிவரும் மணியை உடைத்துப் பார்த்தால் மேலே கெட்டியான மாவும் கீழே பாலும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடும் தெரியும். நாளாக நாளாக அந்தக் கோடு கீழே இறங்கும். அது அடியை எட்டியதும் காம்பருகே ஒரு கறுப்புப் படை உண்டாகி வாசலை மூடிவிடும். அதற்குப் பிறகு மணிக்குள் எதுவும் போகாது. திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ போகும் வழியில் ஹபரணைப் பக்கம் அவித்து விற்கிறார்களே, அது பெரும்பாலும் இந்தக் கோடு இறங்கி முடிப்பதற்கு முன் பறித்த சாதாரணச் சோளம்.

வாசலில் நடக்கும் வெட்டு

இலையில் உண்டான வெல்லம் சுக்குரோசாகக் காம்பு வழியே வந்து சேர்கிறது. வித்தகவிழையத்துக்குள் அதை ஏந்திச் செல்லக் குழாய் எதுவும் இல்லை. அடிவாசலிலேயே ஒரு நொதியம் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் வெட்டி உள்ளே அனுப்ப வேண்டும். அந்த நொதியத்துக்கான பரம்பரையலகு பழுதானால் மணி, சரியான மணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே நின்றுவிடுகிறது. அந்த விகாரத்துக்குப் பெயர் ‘மினியேச்சர்’. இந்தத் தொடர்பை 1990களில் நிறுவியவர்களில் முக்கியமானவர் புளோரிடாவில் பணியாற்றிய பிரேம் சௌரே.

அதே சௌரே, இருபது வருடம் முன்னால்

1976இல் சௌரேயும் ஒலிவர் நெல்சனும் ‘ஷ்ரங்கன் 1’ என்ற விகாரத்தின் குறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் மணியின் தலை உள்வாங்கிக் குழிந்திருக்கும். உள்ளே வந்த சுக்குரோசைப் பிளக்கும் சுக்குரோசு சிந்தேசு என்ற நொதியம் மிகவும் குறைந்திருந்தது. மாப்பொருள் குறைந்தாலும் அடியோடு இல்லாமற்போகவில்லை. காரணம், அதே வேலையைக் கொஞ்சம் பார்க்கும் இன்னொரு நொதியமும் மணிக்குள் இருக்கிறது. விகாரம் ஒன்று இல்லாததை மட்டுமல்ல, இருப்பில் கிடந்த மாற்று வழியையும் காட்டிக்கொடுத்தது.

மென்று பார்த்ததால் பிறந்த சோளம்

இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஜோன் லோக்னன் என்ற பரம்பரையியல் ஆய்வாளர் சோளமணியின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு பரம்பரையலகை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில், அதே நிறமூர்த்தத்தில் இருந்தது ‘ஷ்ரங்கன் 2’. அதன் மணிகள் காய்ந்ததும் சப்பையாகிச் சுருங்கிவிடும். நிறத்தைப் பின்தொடர அந்தச் சுருக்கம் ஓர் அடையாளமாகப் பயன்பட்டது, அவ்வளவுதான். அவர் அந்தக் காய்ந்த மணிகளில் சிலவற்றை வாயிலிட்டு மென்றார். நல்ல இனிப்பு!

இனிப்பு எங்கிருந்து வந்தது? காலி வீதியில் சவோய் திரையரங்குக்கு முன்னால் பாதையை அடைத்தால் பம்பலப்பிட்டி வரைக்கும் வாகனம் தேங்கி நிற்கும் அல்லவா, அதே கதைதான். மாப்பொருள் உண்டாகும் வழியில் ஒரு படி அடைபட்டதும், வந்துகொண்டேயிருக்கும் வெல்லம் போக இடமில்லாமல் மணிக்குள் தேங்கிவிட்டது. 1953இல் லோக்னன் இதை எழுதி வெளியிட்டார். ஆரம்பத்தில் விதைக் கம்பனிகள் அக்கறை காட்டவில்லை. இவ்வளவு சுருங்கிய விதையை யார் வாங்குவார்கள் என்பது அவர்களுடைய கவலை. 1960களின் தொடக்கத்தில்தான் ‘இல்லினி எக்ஸ்ட்ரா ஸ்வீட்’ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது.

பழைய வகை இனிப்புச் சோளத்தைப் பறித்த அன்றே அவிக்க வேண்டும். வைத்திருந்தால் வெல்லம் மாவாக மாறிச் சப்பென்றாகிவிடும். ‘ஷ்ரங்கன் 2’இல் அந்தப் பாதையே அடைபட்டிருப்பதால் நாட்கணக்கில் இனிப்பு நிற்கும். இன்று சுப்பர்மார்க்கெட்டின் குளிரூட்டியில் தட்டில் சுற்றி அடுக்கியிருக்கும் இனிப்புச் சோளம் தூரதேசம் பயணம் செய்ய முடிந்தது பெரும்பாலும் இந்த ஒரு பழுதினால்தான்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. முளைக்கும் செடிக்கு மாப்பொருள்தான் சாப்பாடு என்று சொன்னேனே. அது குறைந்த விதை, ஈரம் கூடிய குளிர்ந்த மண்ணில் சரியாக முளைக்காது. இனிப்புச் சோளம் விதைத்தவர்கள் முளைப்பு வீதத்தைப் பார்த்துக் கவலைப்படுவதற்குக் காரணம் எப்போதும் அவர்களுடைய கவனக்குறைவு அல்ல.

அடைபட்ட படி எது?

ஒரு காலத்தில் பொஸ்பொரிலேசு என்ற நொதியமே மாப்பொருளைக் கட்டுகிறது என்று நம்பினார்கள். 1940இல் ஹேன்ஸ் என்ற ஆய்வாளர் அதைக்கொண்டு சோதனைக் குழாய்க்குள் மாப்பொருளைச் செய்தும் காட்டினார். ஆனால் குழாய்க்குள் நடப்பதெல்லாம் செடிக்குள் நடக்க வேண்டும் என்றில்லை. ஆர்ஜென்டீனாவில் லூயிஸ் லெலொயரின் ஆய்வுகூடம் 1961இல் வேறொரு வழியைக் காட்டியது. குளுக்கோசு முதலில் ஏடிபி-குளுக்கோசு என்ற சேர்வையாக மாறி, அதிலிருந்து மாப்பொருளின் சங்கிலியில் கோக்கப்படுகிறது. இப்படி வெல்லத்தோடு நியூக்கிளியோடைட்டு இணைந்த சேர்வைகளைக் கண்டுபிடித்ததற்காக லெலொயர் 1970இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

செடி உண்மையிலேயே அந்த வழியில்தான் போகிறதா? தீர்ப்புச் சொன்னது சூம்பிய மணி. 1966இல் சாய் என்ற ஆய்வாளரும் மேலே சொன்ன நெல்சனும் ‘ஷ்ரங்கன் 2’ மணியில் ஏடிபி-குளுக்கோசை உண்டாக்கும் நொதியம் இல்லை என்று காட்டினார்கள். அந்த நொதியம் போனதும் மாப்பொருள் கால்வாசி அளவுக்கு விழுந்துவிட்டது. அப்படியென்றால் மீதி முக்கால்வாசி வந்தது அந்த வழியில்தான். உயர்தர உயிரியலில் ஒரு வரியாகப் பாடமாக்கும் விடயம் இது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருபத்தைந்து வருட வாதம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால் பாடம் இன்னும் பிடித்துப்போகும்.

நொடிந்துபோகும் இரண்டு

‘பிரிட்டில்’ என்ற பெயரில் இரண்டு விகாரங்கள் உண்டு. இரண்டிலும் காய்ந்த மணி கண்ணாடித் தன்மையாகி எளிதில் நொறுங்கும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் பழுது வேறு வேறு. ‘பிரிட்டில் 2’இல் குறைவது ‘ஷ்ரங்கன் 2’இல் இல்லாத அதே நொதியத்தின் இன்னொரு பாதி. ‘பிரிட்டில் 1’இல் நொதியத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஏடிபி-குளுக்கோசு ஏராளமாக இருக்கும், ஆனால் மாப்பொருள் கட்டப்படும் நுண்ணறையான உருமணிக்குள் அது நுழைய முடியாது. நுழைவாயிலாக இருக்கும் புரதமே அங்கே பழுது.

இதிலிருந்து ஒரு புதுமை வெளிவந்தது. பொதுவாகத் தாவரங்கள் ஏடிபி-குளுக்கோசை உருமணிக்குள்ளேயே செய்கின்றன. தானியங்களின் வித்தகவிழையம் மட்டும் அதன் பெரும்பங்கை வெளியே செய்து உள்ளே அனுப்புகிறது. சோளத்தில் இதை 1996இல் உறுதிப்படுத்தினார்கள்.

வெட்டினால்தான் கட்டலாம்

மாப்பொருளில் இரண்டு வகைச் சங்கிலிகள். நீண்டு நேராகப் போவது அமைலோசு, கிளைவிட்டுப் பரவுவது அமைலோபெத்தின். சாதாரணச் சோளத்தில் முன்னது கால்பங்கு, பின்னது முக்கால்பங்கு. கிளைகளை ஒட்டவைக்க ஒரு நொதியம் வேண்டும் என்பது யாரும் எதிர்பார்ப்பதுதான். கிளைகளை வெட்டவும் ஒரு நொதியம் வேண்டும் என்று சொன்னது ‘சுகரி 1’ என்ற விகாரம். அமெரிக்கப் பூர்வகுடிகள் நீண்ட காலமாக வளர்த்துவந்த பழைய இனிப்புச் சோளம் அதுதான். அதன் பரம்பரையலகை 1995இல் பிரித்தெடுத்தபோது, அது கிளை வெட்டும் நொதியத்துக்குரியது என்று தெரிந்தது. தப்பான இடத்தில் முளைத்த கிளைகளை நறுக்கிவிட்டால்தான் மீதிச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காகும். நறுக்காவிட்டால் தண்ணீரில் கரையும் ஒரு குழம்பல் பொருள் உண்டாகும். நம் ஈரலில் சேரும் கிளைக்கோசனுக்கு அது மிகவும் நெருக்கம். பழைய இனிப்புச் சோளத்தை மெல்லும்போது வாயில் படும் வெண்ணெய்த்தன்மை அதனுடையது.

பக்கத்து வயல் தகப்பன்

மாம்பழத்தின் சுவை, எந்த மரத்து மகரந்தம் விழுந்தது என்பதால் மாறாது. சோளமணியின் சுவை மாறும். காரணம், நாம் சாப்பிடும் வித்தகவிழையமும் கருக்கட்டலில் பிறந்தது. தாயிடமிருந்து இரண்டு பங்கு, மகரந்தத்திலிருந்து ஒரு பங்கு என மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் அதற்குள் இருக்கின்றன. இந்த இரட்டைக் கருக்கட்டலை 1898இல் ரஷ்யாவின் நவாஷினும் அடுத்த வருடம் பிரான்சின் கிஞார்டும் கண்டார்கள். இனிப்புச் சோளத்துக்குப் பக்கத்தில் கால்நடைத் தீவனச் சோளம் ஒரே நேரத்தில் பூத்தால், அந்த ஒரு பங்கு மகரந்தமே போதும். பழுதான படியை அது சீராக்கிவிடும், மணி மாவாகிவிடும். தூரத்தில் நடுங்கள், அல்லது வேறு கிழமைகளில் பூக்கும்படி விதையுங்கள் என்று விவசாயப் போதனாசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஷங்காயிலிருந்து ஒரு பொட்டலம்

1908இல் ஷங்காயிலிருந்த மிஷனரி பார்ணம், அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கு ஒரு வகைச் சோளத்தை அனுப்பினார். மணியை வெட்டினால் உள்ளே மெழுகு பூசியதைப் போன்ற மங்கல். அடுத்த வருடம் கொலின்ஸ் அதை விவரித்து எழுதினார். ‘வாக்ஸி’ என்ற பெயர் நிலைத்தது. அயடீன் விட்டால் சாதாரண மாப்பொருள் கருநீலமாகும். இந்த மணி செங்கபில நிறமாகும். அதில் அமைலோசே இல்லை. அமைலோசைக் கட்டும் நொதியம் மாப்பொருள் துணிக்கையோடு ஒட்டியே இருப்பது, ‘வாக்ஸி’யில் இல்லாமற்போனதும் அதுவே. 1962இல் நெல்சனும் றைன்சும் அதைக் காட்டினார்கள். சோளமணியின் மாப்பொருள் விகாரம் ஒன்றை ஒரு குறிப்பிட்ட நொதியத்தோடு கோத்துக் காட்டிய முன்னோடிக் கண்டுபிடிப்பு அது.

மென்டலை மகரந்தத்தில் பார்த்தவர்கள்

மென்டலின் விகிதத்தைக் காண அடுத்த தலைமுறை வளரும்வரை காத்திருக்க வேண்டும். 1924இல் சிலர் காத்திருக்கவில்லை. சாதாரணச் சோளத்துக்கும் ‘வாக்ஸி’க்கும் பிறந்த கலப்புச் செடியின் மகரந்தத்தில் அயடீன் விட்டார்கள். பாதி நீலம், பாதி செங்கபிலம். பரம்பரையலகு சோடி பிரிந்து ஆளுக்கொன்றாய்ப் போவதை நுணுக்குக்காட்டியில் கண்ணாலேயே பார்த்தாயிற்று. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகவும் பிடித்த சோதனை இதுதான். கருவி ஒன்றும் பெரிதில்லை, ஒரு துளி அயடீன் போதும்.

கிரெய்ட்டன், மக்ளின்டொக்

1931இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஹரியட் கிரெய்ட்டனும் பார்பரா மக்ளின்டொக்கும், நிறமூர்த்தங்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும்போதுதான் பரம்பரை இயல்புகளும் இடம் மாறுகின்றன என்று நிரூபித்தார்கள். சோளத்தின் 9ஆம் நிறமூர்த்தத்தில் அவர்கள் பின்தொடர்ந்த அடையாளங்கள் இரண்டு. ஒன்று மணியின் நிறம். மற்றது ‘வாக்ஸி’ மாப்பொருள்.

பிற்காலத்தில் மக்ளின்டொக், நிறமூர்த்தத்தில் இடம்விட்டு இடம் தாவும் மூலகங்களைக் கண்டுபிடித்து 1983இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1983இல் வேறொரு குழு, அவர் சொன்ன ‘அக்டிவேட்டர்’ என்ற தாவும் மூலகத்தைத் தனியே பிரித்தெடுத்தது. அது ஒளிந்திருந்த இடம் ‘வாக்ஸி’ பரம்பரையலகு!

பட்டாணியிலும்

மென்டல் 1866இல் எழுதிய கட்டுரையில் வரும் சுருங்கிய பட்டாணியின் பழுது என்னவென்று 1990இல்தான் தெரியவந்தது. மதன் பட்டாச்சார்யாவும் அலிசன் ஸ்மித்தும் கத்தி மார்ட்டினும் வேறு சிலரும் இங்கிலாந்தில் கண்டது: மாப்பொருளுக்குக் கிளை ஒட்டும் நொதியத்தின் பரம்பரையலகில், சோளத்தின் தாவும் மூலகங்களுக்கு உறவான ஒரு துண்டு புகுந்திருந்தது.

யுத்தமும் கூழும்

1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பின்மீதே குண்டு விழுந்தது. கீழைத்தேசத்திலிருந்து மரவள்ளி மாப்பொருள் வருவது நின்றுபோனதும் அமெரிக்க உணவு, பசைத் தொழிற்சாலைகள் திண்டாடின. அப்போது நினைவுக்கு வந்தது ஆய்வுத் தோட்டங்களில் கிடந்த ‘வாக்ஸி’ சோளம். கொதிக்கவைத்தால் மரவள்ளி மாவைப்போலவே தெளிந்த, இறுகாத கூழைக் கொடுத்தது. சும்மா பார்க்க வைத்திருந்த ஒரு விகாரம், பெரும் பயிராக மாறியது யுத்த காலத்தில்தான்.

புடிங் ஏன் தண்ணீர் விடுகிறது?

கோன்பிளவர் போட்டுக் காய்ச்சிய புடிங்கைக் குளிரூட்டியில் வைத்தால் மறுநாள் ஓரத்தில் தண்ணீர் கசிந்திருக்கும். அமைலோசுச் சங்கிலிகள் ஆறியதும் ஒன்றையொன்று நெருங்கி இறுகித் தண்ணீரைப் பிழிந்து தள்ளுகின்றன. அமைலோசு இல்லாத ‘வாக்ஸி’ மாவில் இது மிகவும் குறைவு. கடைச் சோஸ் போத்தல்களும் உறைய வைத்த உணவும் பல நாள் தளராமல் இருப்பதற்கு அந்த மாவு பெரிதும் உதவுகிறது.

நம் சோற்றுக் கோப்பையில்

‘வாக்ஸி’ பரம்பரையலகு நெல்லிலும் இருக்கிறது. நாம் சாப்பிடும் அரிசியின் குணத்தை அதிகம் தீர்மானிப்பதும் அதுவே. இலங்கை நெல்லினங்களில் பெரும்பாலானவற்றில் அமைலோசு கூட. அதனால் சோறு உதிரியாக விழுகிறது, ஆறினால் கெட்டியாகிறது, இடியப்பம் நூல் அறுந்து குழையாமல் நிற்கிறது. ஜப்பானிய அரிசியில் அதே பரம்பரையலகில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த ஒரே மாற்றத்தால் நொதியம் குறைந்து, அமைலோசு குறைந்து, சோறு ஒட்டுகிறது. பரம்பரையலகு முழுதாகவே செயலிழந்தால் கிடைப்பது ஒட்டரிசி. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புது நெல்லினத்தைச் சோதிக்கும்போது விளைச்சலோடு சோற்றின் குணத்தையும் பார்க்கிறார்கள். சனங்கள் உதிரிச் சோறு கேட்கும் நாட்டில் அதைப் பார்க்காமல் விடமுடியாது.

மிசோரத்தின் மிம்பான்

ஒட்டும் சோளம் சீனாவோடு நின்றுவிடவில்லை. வடகிழக்கு இந்தியாவில் மிசோரம் மக்கள் ‘மிம்பான்’ என்ற ஒட்டும் சோளத்தை வழிவழியாக வளர்த்து அவித்துச் சாப்பிடுகிறார்கள். இந்திய ஆய்வாளர்கள் சோளத்தில் ‘வாக்ஸி’ வகைகளை உருவாக்கும்போது இப்படிப்பட்ட உள்ளூர் இனங்களையும் ஆராய்கிறார்கள்.

சீனி வருத்தக்காரருக்கு ஒரு விகாரம்

கிளை ஒட்டும் நொதியங்களில் ஒன்று பழுதானால் எதிர்த்திசையில் மாற்றம் நடக்கும். 1952இல் விவரிக்கப்பட்ட ‘அமைலோசு எக்ஸ்ரெண்டர்’ விகாரத்தில் அமைலோசு பாதியையும் தாண்டுகிறது. அந்த மாவு சிறுகுடலில் இலகுவாகச் சமிக்காது. மெதுவாக நகர்ந்து பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல பக்றீரியாக்களுக்கு உணவாகிறது. இரத்தத்தில் வெல்லம் திடீரென்று ஏறாது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான ஒரு முயற்சி நடந்திருக்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், ஆடுதுறையில் பிறந்த ஏடிடி 43 நெல்லில் விகாரத்தை வரவழைத்துப் பெற்ற, நார்ச்சத்துக் கூடிய ஒரு வெள்ளை அரிசியைச் சோதித்தது. சாதாரண வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால், அதைச் சாப்பிட்டவர்களுக்கு இரத்த வெல்லம் குறைவாகவே ஏறியது. மூன்று வேளையும் சோறு, பிட்டு, இடியப்பம் என்று வாழும் நமக்கு இதைவிட நேரடியாகப் பயன்படக்கூடிய விகார ஆராய்ச்சி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சோற்றை விடச் சொல்வதைவிடச் சோற்றைத் திருத்துவது நம் வீடுகளில் நடக்கக்கூடிய காரியம்.

திரிபோஷாவும் ஒளிபுகா மணியும்

தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா 1973இல் தொடங்கியது. ஜா-எலப் பக்கம் உள்ள தொழிற்சாலையில் சோளமும் சோயாவும் சேர்த்துச் செய்கிறார்கள். சோயா எதற்கு? சோளப் புரதத்தில் லைசின் என்ற அமினோவமிலம் குறைவு. அதைச் சோயா நிரப்புகிறது.

சோளத்துக்குள்ளேயே லைசினைக் கூட்டும் வழியையும் ஒரு விகாரம் காட்டியது. ஒளியில் பிடித்தால் ஊடு தெரியாத ‘ஒபேக் 2’ மணியில் லைசின் அதிகம் என்று 1964இல் மேர்ட்ஸ், பேற்ஸ், நெல்சன் ஆகியோர் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து அறிவித்தார்கள். நெல்சன் என்ற பெயர் எத்தனை தடவை வந்துவிட்டது பாருங்கள், இந்தத் துறைக்கே அவர் அத்தனை செய்திருக்கிறார். இந்தியா 1971இல் சக்தி, ரத்தன், புரோட்டினா என்று மூன்று வகைகளை வெளியிட்டது. ஆனால் மாப்பொருள் நெருக்கமாக அடுக்காமல் மணி சுண்ணாம்பாய் மென்மையாகிவிட்டதால் பூச்சியும் பூஞ்சணமும் இலகுவாகத் தாக்கின. அந்தக் குறையைப் பல வருடம் பாடுபட்டு நீக்கி, மணியைத் திரும்பவும் கடினமாக்கிய இந்தியர் சுரிந்தர் வசலுக்கும் மெக்சிக்கோவின் எவஞ்சலினா வில்லேகஸுக்கும் 2000ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

வெயிலுக்குப் பயப்படும் நொதியம்

‘ஷ்ரங்கன் 2’ காட்டிக்கொடுத்த அந்த நொதியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சோளமணியிலிருந்து பிரித்தெடுத்து 57 பாகை சதமத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் அதன் வேலைத்திறன் அநேகமாக முழுதும் போய்விடும். உருளைக்கிழங்கின் அதே நொதியம் 70 பாகையையும் தாங்கும். வயலில் 57 பாகை வராது. ஆனாலும் 35 பாகையைத் தாண்டும் நாட்களில் மணி சரியாக நிரம்பாததற்கு இந்த மென்மையும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அனுராதபுரத்திலும் அம்பாறையிலும் மொனராகலையிலும் சோளம் செய்பவர்களுக்கு 2018/19 பெரும்போகத்தில் சேனாப் படைப்புழு தந்த அடி எல்லோருக்கும் நினைவிருக்கும். வெப்பம் தரும் இழப்பு அப்படிக் கண்ணில் படாது. பொத்தி இருக்கும், மணியும் இருக்கும், தராசில் வைத்தால்தான் குறை தெரியும்.

புளோரிடாவில் கேர்ட்டிஸ் ஹன்னாவின் குழு அந்த நொதியத்தைப் பக்றீரியாவுக்குள் வைத்து விகாரங்களை உண்டாக்கி, வெப்பம் தாங்கும் வடிவம் ஒன்றை 1998இல் தெரிந்தெடுத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர்களுக்கு இன்னொன்று கிடைத்திருந்தது. ‘ஷ்ரங்கன் 2’ பரம்பரையலகுக்குள் புகுந்திருந்த தாவும் மூலகம் ஒன்று வெளியேறும்போது இரண்டு அமினோவமிலங்களைக் கூடுதலாக விட்டுப் போனது. மணி பழையபடி நிரம்பியதோடு நிற்கவில்லை. எடை 11 முதல் 18 சதவீதம் வரை கூடியது. பழுதாக்கியது எதுவோ அதுவே போகிற போக்கில் திருத்தியும் விட்டது.

வீட்டில் செய்து பார்க்க

‘வாக்ஸி’ சோளம் இங்கே இலகுவாகக் கிடைக்காது. ஒட்டரிசி பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் கிடைக்கும், அதுவே போதும். ஒட்டரிசியையும் சம்பாவையும் தனித்தனியே இடித்து மாவாக்கி, இரண்டு வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு சிட்டிகை வைத்துத் தண்ணீர் தெளித்துக் குழையுங்கள். பாமசியில் வாங்கிய அயடீனைத் தண்ணீர் விட்டு வெளிறிய தேநீர் நிறத்துக்கு ஐதாக்கி, ஒவ்வொரு துளி விடுங்கள். சம்பா கருநீலமாகும். ஒட்டரிசி செங்கபிலத்தில் நிற்கும். அயடீன் கூடினால் இரண்டும் இருண்டு வித்தியாசம் தெரியாது, அதனால் துளியில் கஞ்சத்தனம் வேண்டும். பார்த்து முடிந்ததும் மாவைக் கொட்டித் தட்டுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். அயடீன் பட்ட மாவைச் சாப்பிடக் கூடாது என்று சின்னப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.